வாழை எந்தப் பெட்டியில்?

பாயான் பாருவுக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவன அடுக்குமாடி வீடுகளே. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970-களில் இப்புதுநகரை எழுப்பத் தொடங்குவதற்கு முன், இது உழவும் தோப்புமாய் இருந்த நிலம். 1972-இல் பக்கத்துப் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் பிறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றைத் தேடி மக்கள் வந்தனர். தோட்டப்புறங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. பால்மரம் சீவிய கையின் பேத்தி இன்று பதினான்காம் மாடியில் வளர்கிறாள். அவள் அறிந்த தோட்டம், சமையலறைச் சன்னலுக்கு வெளியே கம்பித் தட்டில் நிற்கும் நான்கு பூச்சட்டிகள்: ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு கற்பூரவல்லி, யார் எதற்கு வைத்தார் என்று தெரியாத ஒரு கள்ளி.

இந்நகரை அடுத்த தமிழ்ப்பள்ளி ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவர்க்கு அறிவியல் கற்பிக்கும் பொறுப்பு இளம் ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. 2017-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த சீராய்வுக் கலைத்திட்டம், தாவரங்களைப் பிரித்தறியும் பயிற்சியை ஏழு வயதிலேயே தொடங்கி வைத்தது. இலையின் நரம்பு நேர்க்கோடா வலைப்பின்னலா, தண்டு வன்மையா மென்மையா, வேர் ஆணிவேரா சல்லிவேரா, தாவரம் பூப்பதா பூவாததா என்பவற்றைக் குழந்தை கண்டு சொல்ல வேண்டும். ஆசிரியை இவற்றை நன்கறிந்தவர். ஆனால் தமிழில் அறிந்தவர் அல்லர். அவர் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003-இல். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை நாட்டில் நடப்புக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 2009-இல் அரசு அதனைக் கைவிடுவதாக அறிவித்தபோது அவர் தொடக்கப்பள்ளியைத் தாண்டிவிட்டிருந்தார். ஆகவே தமிழ்ப்பள்ளியின் வாங்கில் அமர்ந்தே வேரையும் தண்டையும் வேற்றுமொழியில் படித்தார். தமிழைத் தமிழ்ப் பாடவேளையில் மட்டும் படித்தார். ஒரே தலைக்குள் இரண்டு அலமாரிகள். இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. அந்தத் தலைமுறை ஆசிரியர் பலரின் நிலை இதுதான். இதற்கு அவர்களைக் குறை கூறுதல் முறையாகாது.

மூன்று இரவுகள் கண்விழித்து அவர் அறுபது பட அட்டைகளை உருவாக்கினார். வண்ணம் கண்ணைப் பறித்தது. முனைகள் குழந்தையின் விரலைக் கிழிக்காதபடி வட்டமாக நறுக்கப்பட்டிருந்தன; ஈரக்கை பட்டாலும் கெடாதவாறு மேலே நெகிழித் தாள் ஒட்டப்பட்டிருந்தது. நான்கு காலணிப் பெட்டிகளுக்கு வண்ணத்தாள் ஒட்டி, மரம், செடி, கொடி, புல் என்று பெரிய எழுத்தில் எழுதினார். நரம்பும் வேரும் பின்னர் வரட்டும், குழந்தை வீட்டில் கேட்ட நான்கு சொற்களிலிருந்து தொடங்கலாம் என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் பிழை இல்லை. பிழை படங்களில் இருந்தது. இணையத்தில் எளிதாக அகப்பட்டவை ஆப்பிள் மரம், ஓக் மரம், பனி படிந்த ஊசியிலை மரம், துலிப் மலர், திராட்சைக் கொடி, கோதுமைப் பயிர் ஆகியவை. அவற்றுக்கிடையே தென்னை, வாழை, கமுகு, செம்பருத்தி, மூங்கில் என்று உள்ளூர்த் தாவரங்கள் பதினைந்து இருந்தால் மிகுதி.

பாடம் கலகலப்பாகத்தான் தொடங்கியது. ஆப்பிள் அட்டையைப் பெற்ற சிறுவன் நான்கு பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இது கடையில இருக்கிறது டீச்சர். கடைக்குப் பெட்டி எங்க?" என்று கேட்டான். இன்னொருவன் கமுகு அட்டையைச் சற்றும் தயங்காமல் கொடிப் பெட்டியில் போட்டான். காரணம் கேட்டபோது, "நம்ம பினாங்குக் கொடியில இதுதானே டீச்சர் இருக்கு!" என்றான். ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். மாநிலக் கொடியின் நடுவே நிற்பது கமுகுதான். பூலாவ் பினாங்கு என்ற பெயரே பாக்குத் தீவு என்று பொருள்படுவதுதான். துணிக்கும் தாவரத்துக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டதற்கு ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

வாழை அட்டை ஒரு சிறுமியிடம் போயிற்று. அதிகம் பேசாத பெண். அவள் எழுந்து சென்று அதைப் புல் பெட்டியில் வைத்தாள். வகுப்பே சிரித்தது. முந்திய இரண்டு சிரிப்புகளின் தொடர்ச்சியாகவே அது எழுந்தது. அதில் கொடுமை ஒன்றும் இல்லை. "வாழை மரம்னுதானே சொல்றோம்?" என்று ஆசிரியை அன்போடு கேட்டு, அட்டையை எடுத்து மரப் பெட்டியில் மாற்றி வைத்தார். "அதுல கட்டை..." என்று சிறுமி ஏதோ தொடங்கினாள். அதற்குள் அடுத்த பிள்ளை எழுந்துவிட்டது, நேரமும் ஆகிவிட்டது. பாடம் முடியும்வரை அவள் வேறு அட்டையைக் கேட்கவில்லை. கொடுத்ததையும் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டாள்.

பள்ளி விட்டதும் பேத்தியை அழைத்துப்போக வரும் பாட்டி, வாயிலில் ஆசிரியையைக் கண்டு, "பிள்ள இன்னிக்கு முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு வருதே, என்னங்க டீச்சர்?" என்றார். ஆசிரியை நடந்ததைச் சிரித்தபடியே சொன்னார். பாட்டியின் முகம் சிறுத்தது.

"நான்தாங்க டீச்சர் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். தோட்டத்துல வாழைய வெட்டிப் போட்டா அடுப்புக்கு ஆகுமா? உரிக்க உரிக்க மட்டைதான் வருது, கட்டையே இல்லையே. அது மரம் இல்ல, பெரிய புல்லு மாதிரின்னு சொன்னேன். படிக்காதவ, ஏதோ தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

இந்த மன்னிப்புத்தான் ஆசிரியையை அன்றிரவு உறங்கவிடவில்லை. ஒரு முதியவர், தம் கையால் உரித்துப் பார்த்து அறிந்ததற்காக, கணினியில் படம் எடுத்து அச்சிட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் நூல்களைப் புரட்டினார். பாட்டி சொன்னது சரி. வாழைக்கு மரக்கட்டை கிடையாது. நிமிர்ந்து நிற்கும் அடிமரம் போன்ற பகுதி, இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று சுற்றித் திரண்டு நிற்பதால் ஆனது; தாவரவியலார் அதனைப் பொய்த்தண்டு என்பர். மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. சமையலுக்கு எடுக்கும் வாழைத்தண்டோ, கிழங்கிலிருந்து மட்டைகளின் நடுவே மேலேறிப் பூவைத் தாங்கி வரும் காம்பு. உலகின் மிகப் பெரிய பூண்டு வகைகளுள் வாழை ஒன்று. நெல், கரும்பு, மூங்கில், தென்னை, கமுகு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைப் போல அதுவும் ஒருவித்திலைத் தாவரம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஜான் ரே, முளைக்கும் வித்தில் இலை ஒன்றா இரண்டா என்பதைக் கொண்டு பூக்கும் தாவரங்களைப் பகுத்தார். 1990-களில் மரபணு ஆய்வுகள் வந்தபோது இருவித்திலைப் பிரிவு ஒரே குலமன்று என்று உடைந்தது; ஒருவித்திலைப் பிரிவோ உடையாமல் நின்றது. சிறுமி புல் பெட்டியில் வைத்தபோது, வாழையைச் சுற்றத்தாரோடுதான் வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் மற்ற அலமாரி திறந்தது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் தொல்காப்பியத்தின் மரபியலை அவர் தேர்வுக்காகப் படித்திருந்தார். நல்ல புள்ளிகளும் பெற்றிருந்தார். புறத்தே வைரம் உடையது புல், அகத்தே வைரம் உடையது மரம் என்று அந்நூல் வகுக்கிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லின் உறுப்புப் பெயர்கள் என்றும், இலை, தளிர், அரும்பு முதலியன மரத்தின் உறுப்புப் பெயர்கள் என்றும் தனித்தனியே நிறுத்துகிறது. அவ்வாறாயின் பனையும் தென்னையும் கமுகும் புல்லே. பினாங்கின் கொடியில் நிற்பது, மரபியலின் கணக்கில், ஒரு புல்! இதனை அவர் மாணவியாக மனப்பாடம் செய்தார். மரபுப் பெயர்கள் என்ற தலைப்பின்கீழ் எழுதினார். ஒரு கமுகின் அருகில் சென்று ஒருமுறையும் தட்டிப் பார்த்ததில்லை. அவருக்குக் கற்பித்தவரும் தட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. இலக்கணம் ஒருபுறமும் செடிகொடி ஒருபுறமும் நிற்க, நடுவே வினாத்தாள் நின்றது.

இவ்விடத்தில் தமிழார்வலர் சிலருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. இன்றைய தாவரவியல் முழுவதும் தொல்காப்பியத்துள் அடக்கம் என்று மேடையில் முழங்குவது எளிது, மாணவரும் கைதட்டுவர். தொல்காப்பியம் வித்திலையைப் பற்றிப் பேசவில்லை. அது பேசுவது வெட்டியவன் கைக்குத் தெரியும் உண்மையை. பனையையும் கமுகையும் கோடரியால் தொட்டவன், ஓரம் இரும்பாகவும் நடு சோறாகவும் இருப்பதை அறிவான். வேங்கையைத் தொட்டவன் உள்ளே போகப் போக வைரம் பாய்ந்திருப்பதை அறிவான். கமுகின் நார்க்கற்றைகள் தண்டின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் கலைந்தும் கிடப்பதால் அப்படி என்று தாவரவியல் பின்னர் விளக்கிற்று. கைக்கு எட்டிய அடையாளம் ஒன்றைக் கொண்டு வகுத்ததும், அந்த வகுப்பு இவ்வளவு தூரம் பொருந்தி வந்ததும் போதிய பெருமை. வாழைக்குப் புறத்திலும் வைரம் இல்லை, அகத்திலும் இல்லை. எந்த வகுப்பையும் சற்றே திணற அடிக்கும் தாவரம் அது.

பிள்ளைகளுக்குத் தாவரப் பகுப்பைக் கற்பிக்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹிட்சம் என்ற சிற்றூருக்கு 1837-இல் திருச்சபைக் குருவாக அமர்த்தப்பட்டவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்சுலோ. இவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர். சார்லஸ் டார்வினுக்கு ஆசான். 1850-களில் தம் ஊரின் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவர் தாவரவியல் வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் வேலியோரத்திலும் வயலோரத்திலும் பூக்களைப் பறித்து வந்தனர். ஒவ்வொன்றையும் இதழ் இதழாகப் பிரித்தனர். பகுதிகளை எண்ணி எழுதினர். ஒருவித்திலை, இருவித்திலை என்பவற்றுக்குரிய நீண்ட கிரேக்கச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதக் கற்றபின்பே அவ்வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 1857-இல் ஹென்சுலோவின் திட்டப்படி ஃபிட்ச் என்ற ஓவியர் வரைந்த ஒன்பது பெரிய சுவர்ப்படங்கள் பள்ளிகளுக்காக வெளிவந்தன. எது முதலில், எது பின்னர் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் பூ, பின்னரே படம். படத்தைக் கண்ட ஹிட்சம் பிள்ளைக்கு, அதே பூவைப் பிய்த்த நினைவு விரலில் இருந்தது.

ஹிட்சம் பிள்ளை தலைகீழாய் நின்று கற்ற சொல்லைத் தமிழ்ப்பிள்ளை கேட்ட மாத்திரத்தில் அறியும் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரு வித்து இலை. இரு வித்து இலை. அகராதி வேண்டாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, இத்தாலியராகிய அவர்கள் பகைநாட்டார் ஆயினர். மாரியோ சில காலம் காவலில் வைக்கப்பட்டார். 1942 முதல் இரண்டாண்டுகள் அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். வெளியே போக வழியில்லாத அந்த மலைவாசம் கல்விக்கு நன்மையாயிற்று. மலையின் இலையும் பூவும் வேரும் பிள்ளைகளின் மேசைக்கு வந்தன. இயற்கையைப் பயிற்றும் முறைகளும் கருவிகளும் அங்கே விரிவடைந்தன. மாண்டிசோரிப் பள்ளிகளில் இலை வடிவங்களைப் பலகையில் வெட்டிப் பதித்த பெட்டி ஒன்று உண்டு. குழந்தை அதன் விளிம்பை விரலால் தடவி வடிவை அறியும். படமும் பெயரும் தனித்தனியே பிரியும் அட்டைகளும் உண்டு. ஆனால் அட்டையை எடுக்குமுன் உண்மை இலையைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அம்முறையின் உயிர்நிலை. இன்று அந்த அட்டைகள் உலகெங்கும் விற்கின்றன. அட்டை கப்பலேறி வந்துவிடுகிறது, இலை வருவதில்லை.

படம் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூலில் 2,101 படங்கள் உள்ளன. ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர் இருவர் அவருக்காகப் பல்லாண்டுகள் வரைந்தனர். பூவை அறுத்து உள்ளுறுப்புகளைத் தனித்தனியே தீட்டும் திறம் அவர்களுக்கு இருந்தது. ஆர்க்கிடு வகையில் ஒரு பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைட் இட்டார். பார்த்தவன் வரைந்த படம் பார்க்கக் கற்பிக்கும். அச்சுப்பொறி உமிழ்ந்த துலிப்பூவுக்கு அத்தகுதி இல்லை.

ஆசிரியை இவற்றையெல்லாம் எண்ணி ஒரு திட்டம் வகுத்தார் என்று சொன்னால் அது மிகை. அவர் செய்தது எளிது. குலை வெட்டியபின் வாழை எப்படியும் மடியும். பள்ளித் தோட்டக்காரரிடம் சொல்லி, அப்படி வெட்டிய ஒன்றின் அடிப்பகுதியைக் கேட்டு வாங்கினார். பாலிக் பூலாவில் உறவினர் உள்ள பெற்றோர் ஒருவர், விழுந்த கமுகு ஒன்றிலிருந்து ஒரு வட்டத்தை அறுத்து அனுப்பினார். சாலையோரத்து அங்சானா மரத்தின் தடித்த கிளை ஒன்று புயல்மழையில் முறிந்து கிடந்தது. வேங்கைக்கு மிக நெருங்கிய உறவான அம்மரத்தின் துண்டு ஒன்றும் கிடைத்தது. மூன்றையும் வகுப்பின் பின்புறத் தாழ்வாரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். பிள்ளைகளிடம் அட்டைகளைக் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு தேங்காய் ஈர்க்கைக் கொடுத்தார். "எங்க குத்தினா இறங்குது, எங்க இறங்கலைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த அரைமணி நேரம் தாழ்வாரத்தில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கமுகின் ஓரத்தில் ஈர்க்கு வளைந்தது, நடுவில் இறங்கிற்று. அங்சானாவின் சிவந்த நடுவில் எவராலும் குத்த முடியவில்லை. வாழையிலோ எங்கே குத்தினாலும் இறங்கி, நீரும் கறையும் வழிந்து, இரண்டு வெள்ளைச் சட்டைகள் பாழாயின. அக்கறை எளிதில் போகாது. மறுநாள் இரண்டு தாய்மார்க்கு ஆசிரியை பதில் சொல்ல வேண்டியிருந்தது. கொடிப் பெட்டிக்காரச் சிறுவன் கமுகு வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நம்ம கொடியில இருக்கிறது உள்ள மெத்துன்னு இருக்கு" என்று சற்று வருத்தத்தோடு அறிவித்தான்.

பிறகு இலைகள். வாழை, மூங்கில், கரும்பு, செம்பருத்தி, துளசி, முருங்கை. சன்னல் ஒளியில் பிடித்தபோது நேர்க்கோடும் வலைப்பின்னலும் தாமே தெரிந்தன. இலையை மேசைமேல் வைத்து, மேலே மெல்லிய தாளைப் பரப்பி, வண்ணக்கோலைப் படுக்கவைத்துத் தேய்த்தபோது நரம்புகள் தாளில் எழுந்து வந்தன. அவ்வாறு தேய்த்தெடுத்த தாள்களை அளவாக நறுக்கி அட்டையில் ஒட்டினர். புதிய அட்டைகள் பிறந்தன. கோணல்மாணலானவை, கைரேகை படிந்தவை. ஆயினும் எந்த அட்டை எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதை ஒரு பிள்ளையும் மறக்கவில்லை.

விதைப் பாடத்துக்கு ஆசிரியை எதையும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஊறவைத்த பச்சைப்பயற்றைத் தோல் நீக்கினால் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த பாதிகள்தாம் வித்திலைகள். பருப்பு என்று தமிழ்வீட்டில் நாள்தோறும் வேகும் பொருள் அதுவே. நெல்லையும் சோளத்தையும் என்ன செய்தாலும் அப்படிப் பிரிவதில்லை. "அரிசியில பருப்பு மாதிரி ரெண்டு பாதி இல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னது. ஜான் ரே இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பெயர்கள்தாம் தொல்லை கொடுத்தன. வீட்டில் லாலான் என்று கேட்ட பிள்ளை அட்டையில் தருப்பை இனம் என்று கண்டால் விழிக்கும். செரை என்றால் குழம்பின் மணத்தோடு தெரியும். எலுமிச்சம்புல் என்றால் தெரியாது. தூய தமிழ்ப் பெயரை மட்டும் எழுத வேண்டும் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தினார். அவர் நோக்கம் நல்லதே. எனினும் பிள்ளையின் நாவில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு அதன் இடத்தில் மற்றொன்றை எழுதினால், இரண்டும் நிற்காமல் போகக்கூடும். ஆசிரியை மேலே லாலான் என்றும், கீழே தமிழ்ப் பெயரும் எழுதினார். எலுமிச்சம்புல் என்ற பெயரிலேயே அது எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்ற விடை இருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டனர். பாண்டான் இலைக்கு இலங்கையில் வழங்கும் ரம்பை என்ற பெயரை எழுதியபோது, எட்டு வாய்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தன, அச்சொல் நின்றுவிட்டது.

வாழை அட்டை மட்டும் மரப் பெட்டியில் அப்படியே கிடந்தது. ஒருநாள் ஆசிரியை அதை எல்லாப் பிள்ளைகளும் பார்க்க எடுத்து, அந்தச் சிறுமியிடம் நீட்டினார். "அன்னிக்கு டீச்சர் அவசரப்பட்டு மாத்தி வச்சிட்டேன். நீ சொல்ல வந்ததையும் கேட்கல. உங்க பாட்டி சொன்னது சரிதான்னு நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். இப்ப நீ எங்க வைக்கணுமோ அங்க வை" என்றார். வகுப்பில் ஒலி இல்லை. ஆசிரியர் தம் தவற்றைப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி பள்ளிகளில் அரிது. ஆசிரியரின் மதிப்பு அதனால் குறையும் என்று பயிற்சிக் காலத்திலேயே பலரும் அஞ்சக் கற்றுக்கொள்கின்றனர்.

சிறுமி அட்டையோடு எழுந்தாள். புல் பெட்டியருகே போனாள். நின்றாள். தாழ்வாரத்தில் குத்திப் பார்த்த நாள் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "இதுக்கு வெளியவும் கெட்டி இல்ல, உள்ளவும் கெட்டி இல்ல. வேற பெட்டி வேணும் டீச்சர்" என்றாள்.

ஐந்தாவது காலணிப் பெட்டி கிடைக்கவில்லை. ஆசிரியர் அறையிலிருந்து காலியான பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று வந்தது. அதற்கு என்ன பெயர் எழுதுவது என்பதில் ஒருமிப்பு ஏற்படாததால், பெயர்த்தாள் வெறுமையாகவே ஒட்டப்பட்டது. வாழையைத் தொடர்ந்து மஞ்சள், இஞ்சி, கல்வாழை ஆகியவை அதற்குள் போயின. வெறும் தொட்டறிவைக் கொண்டு பிள்ளைகள் சேர்த்த இக்கூட்டத்தைத் தாவரவியலும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது என்பதை ஆசிரியை அறிந்திருந்தும் சொல்லவில்லை. மேல் வகுப்பில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இடர் பப்பாளியால் வந்தது. அதன் தண்டும் மெத்தென்றது. உள்ளே பொள்ளல் வேறு. ஆகவே தகரப் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்றது ஒரு பக்கம். கொடிப் பெட்டிக்காரன் பப்பாளி இலையைச் சன்னலில் பிடித்து, நரம்பு வலைப்பின்னலாக ஓடுவதைக் காட்டி, வாழையோடு இதைச் சேர்க்கவே கூடாது என்று கூச்சலிட்டான். இரண்டு பக்கமும் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தன. விடை அவரிடம் இருந்தது. ஆயினும் அவர், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். வாக்குவாதம் முடியவில்லை. கடைசியில் அந்தச் சிறுமி கையை உயர்த்தி, "பாட்டியக் கேட்டுட்டு வரேன் டீச்சர்" என்றாள்.

அன்று பள்ளி விடும் மணி அடித்தபோது, பாட்டி வருவதற்கு முன்பே, கையில் ஒரு பப்பாளி இலையோடு ஆசிரியை வாயிலில் நின்றுகொண்டிருந்தார்.